கதைப்பின்னலும் முரணும்: கதை எழுதத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதை எழுதுகிறவர்கள் சிலர் கூடி எழுதியதை வாசித்துப் பேசுகிறோம். குளச்சலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் தோவாளையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அக்காவும் இருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகளை நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். தெரிந்த மண்ணில் காட்டினால்தான் அமைப்பு கண்ணுக்குத் தெரியும் என்பது என் அனுபவம்.

கதையும் கதைப்பின்னலும் ஒன்றுதானே?

இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் கதை. ஒன்று எப்படி இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது என்று தெரியும்படி கோத்தால் கதைப்பின்னல். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் இதற்கு எளிய விளக்கம் தந்தார். அரசர் இறந்தார், பிறகு அரசி இறந்தாள் என்பது கதை. அரசர் இறந்தார், அந்தத் துயரத்தில் அரசியும் இறந்தாள் என்பது பின்னல்.

எங்கள் கூட்டத்தில் நான் அரசரை விட்டுவிட்டுச் சக்கை மரத்துக்கு வந்துவிடுவேன். பலாவுக்கு நம் பக்கத்தில் அதுதானே பெயர். “தாத்தா இறந்தார். அந்த ஆண்டு முற்றத்துச் சக்கையை யாரும் தின்னவில்லை.” இது வெறும் வரிசை. “தாத்தா இறந்தார். பங்கு பிரிக்கும்வரை முற்றத்து மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று மூத்த மகன் சொல்லிவிட்டான். அந்த ஆண்டு சக்கை மரத்திலேயே பழுத்து, வெடித்து, ஈ மொய்த்து விழுந்தது.” இது பின்னல். இரண்டாவதைப் படிக்கும்போது தம்பி என்ன நினைத்தான், அந்த வாசனைக்குள் பாட்டி எப்படி உட்கார்ந்திருந்தாள் என்ற கேள்விகள் தாமாகவே எழுகின்றன.

உங்கள் கதையின் இரண்டு காட்சிகளுக்கு இடையில் ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். “பிறகு” மட்டுமே பொருந்துகிறது என்றால் அங்கே பின்னல் இல்லை. “அதனால்” அல்லது “ஆனாலும்” பொருந்தினால் இருக்கிறது.

“பின்னல்” என்று ஏன் சொல்கிறோம்?

தென்னோலை முடைகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இதழும் ஒன்றின் மேல் ஏறி, அடுத்ததன் கீழ் நுழைந்து வரும். நடுவில் ஓர் இதழை உருவினால் அந்த இடம் தளர்ந்துவிடும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் நாடக இலக்கணத்தில் வைத்த அளவுகோலும் இதுதான்: ஒரு பகுதியை எடுத்துவிட்டாலும் முழுமைக்கு எந்த வேறுபாடும் வராது என்றால், அது முழுமையின் பகுதியே இல்லை.

எழுதி முடித்த கதையில் இந்தச் சோதனையைச் செய்வது வேதனையானது. மிக அழகாக எழுதிய பத்திதான் பல நேரங்களில் உருவினாலும் தெரியாத இதழாக இருக்கிறது. ஆனாலும் செய்ய வேண்டும்.

கதைக்கு ஐந்து பகுதிகள் இருக்க வேண்டும் என்கிறார்களே, கட்டாயமா?

பாடப்புத்தகங்களில் வரும் கூம்பு வடிவப் படத்தைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அது ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863-இல் எழுதிய நூலிலிருந்து வந்தது. அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று ஐந்து. கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஐந்து அங்க நாடகம் எப்படி இயங்குகிறது என்று விளக்குவதற்காக அவர் வகுத்தது அது. நான்கு பக்கச் சிறுகதை அதற்குள் அடங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

நம்மிடமும் ஓர் ஐந்து உண்டு. அதை ஏன் பள்ளியில் சொல்லிக் கொடுப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகக் கதை நகரும் கட்டங்களான சந்திகள் ஐந்து என்று சொல்லி, அவற்றை நெல்லை வைத்து விளக்குகிறார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுது பண்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து, கருக்கொண்டு, தனக்குள் பொருளைப் பொதிந்துவைத்து நிற்பது கருப்பம். கதிர் விரிந்து, திரண்டு, தலைசாய்ந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். வடமொழி நாடக நூல்களிலும் இந்த ஐந்து உண்டு. முதல் மூன்று பெயர்களும் இரண்டிலும் ஒன்றே. கடைசி இரண்டையும் அங்கே விமர்சம், நிர்வகணம் என்பார்கள். நம் மரபில் அவை விளைவாகவும் துய்த்தலாகவும் வயலிலேயே நிற்கின்றன.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பயிர் கருக்கொண்டிருக்கும் நாட்களில் வரப்பில் நின்று பார்த்தால் வயலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அப்போதுதான் தண்ணீர் தவறக் கூடாது. தவறினால் கதிர் பதராகிவிடும். கதையின் நடுப்பகுதியும் அப்படியே. எங்கள் கூட்டத்துக்கு வரும் கதைகளில் பாதிக்குமேல் தொடக்கம் நன்றாக இருக்கிறது, முடிவும் நன்றாக இருக்கிறது; நடுவில்தான் காய்ந்துபோகிறது. வெளியே அமைதியாகத் தெரியும் ஒரு மாலை, ஒரு சாப்பாட்டு நேரம், ஒரு பஸ் பயணம், அதற்குள் பின்னால் வெடிக்கப்போவது திரண்டுகொண்டிருக்க வேண்டும்.

ஃப்ரைடாக்கின் படத்தில் நடுவில் இருப்பது சிகரம். அடியார்க்குநல்லாரின் வயலில் நடுவில் இருப்பது சூல். இரண்டில் எதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம் என்பது கதையின் நடையையே மாற்றிவிடும். என் விருப்பம் சூல்தான்.

துய்த்தலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கதை அறுவடையோடு நின்றுவிடுவதில்லை; யாரோ ஒருவர் அந்தச் சோற்றை உண்ண வேண்டும். சக்கை மரக் கதையில் அண்ணனும் தம்பியும் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போடுவது விளைவு. அடுத்த ஆண்டு மரம் காய்க்கும்போது, மரம் யார் பங்கில் விழுந்ததோ அந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தை நான்கு சுளையைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவது, அங்கே கதவு திறப்பதும் திறக்காமல் இருப்பதும், துய்த்தல்.

முரண் என்றால் சண்டைதானே?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களின் கதைகளில் எல்லாரும் கத்திக்கொண்டே இருப்பார்கள், ஆனால் ஒன்றும் நகராது. ஒருவருக்கு ஒன்று வேண்டும். அதைப் பெறவிடாமல் இன்னொன்று குறுக்கே நிற்கிறது. அந்த இன்னொன்றுக்கும் அதற்கே உரிய நியாயம் இருக்கிறது. இதுதான் முரண்.

நம் எல்லாருக்கும் தெரிந்த குமரி அம்மன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் வடிவம் இது. கன்னிப் பெண் ஒருத்தியால் மட்டுமே தனக்குச் சாவு என்று வரம் பெற்ற பாணாசுரனின் கொடுமை தாங்க முடியவில்லை. அவனை அழிக்க வந்தவள் குமரி. ஆனால் அவளுக்குச் சுசீந்திரத்து இறைவனை மணக்க ஆசை. திருமணம் நிச்சயமாகிறது. விடிவதற்குள் முகூர்த்தம். அவர் சுசீந்திரத்திலிருந்து புறப்பட்டு வருகிறார். மணம் நடந்துவிட்டால் அசுரனைக் கொல்ல ஆள் இல்லை. நாரதர் பாதி வழியில் சேவலைப்போலக் கூவுகிறார். வழுக்கம்பாறையில்தான் அது நடந்தது என்பார்கள். பொழுது விடிந்துவிட்டது, முகூர்த்தம் தவறிவிட்டது என்று எண்ணி மணமகன் திரும்பிப் போய்விடுகிறார். விருந்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிப் போகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையின் பல வண்ண மணலைக் காட்டி, அந்த அரிசிதான் இது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள்.

இந்தக் கதையில் யார் கெட்டவர்? பாணாசுரன் இருக்கிறான், ஆனால் அந்த இரவில் அவன் வரவே இல்லை. மணக்க விரும்புவது குற்றமில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர விரும்புவது குற்றமில்லை. உலகம் பிழைக்க வேண்டும் என்று விரும்புவதும் குற்றமில்லை. மூன்றும் நியாயமானவை. ஆனால் அவை எல்லாம் ஓர் இரவுக்குள் அடங்கவில்லை. அந்த நெருக்கடிதான் முரண். சேவல் கூவிய பிறகு யாரும் யாரிடமும் ஒரு சொல்கூட உரக்கப் பேசுவதில்லை. அவர் திரும்பி நடக்கிறார், அவள் காத்திருக்கிறாள். அந்த அமைதியை எந்தச் சண்டைக் காட்சியாலும் எட்ட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் வேண்டியது கிடைக்கவில்லை. வந்த காரியம் நிறைவேறுகிறது. ஒரு பாத்திரத்தின் ஆசையையும் அது பிறந்து வந்த காரியத்தையும் இரு வேறு திசைகளில் நிறுத்திப் பாருங்கள். கதை தானாகவே நடக்கத் தொடங்கும்.

முரண் எத்தனை வகை?

வழக்கமாகச் சொல்லப்படுபவை: மனிதருக்கும் மனிதருக்கும், மனிதருக்கும் தம் மனத்துக்கும், மனிதருக்கும் சமூகத்துக்கும், மனிதருக்கும் இயற்கைக்கும், மனிதருக்கும் விதிக்கும் அல்லது தெய்வத்துக்கும், மனிதருக்கும் இயந்திரத்துக்கும். தேர்வுக்கு எழுத இது போதும். கதை எழுத இது ஒரு தொடக்கம்தான், ஏனெனில் நல்ல கதை எதுவும் ஒரே வகையில் நின்றுவிடுவதில்லை. மேலே சொன்ன சக்கை மரம் அண்ணன் தம்பிக்கு இடையிலான முரண்தான். ஆனால் தம்பி இரவில் யாருக்கும் தெரியாமல் மரத்தடிக்குப் போய், ஒரு பழத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தால், அது அவன் மனத்துக்குள் நடப்பதாகிவிடுகிறது.

விதி, இயந்திரம் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இரண்டும் தனியாக நின்று கதையாவது அரிது. விதி யாருடைய வாய்வழியாக வருகிறது, இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று பாருங்கள், மனிதர் அகப்படுவார்.

இயற்கையோடு முரண் என்று எப்படி எழுதுவது? கடல் எங்களை எதிர்த்துப் பேசாதே?

கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு தம்பி இதைக் கேட்டார். கடலுக்குப் பகை இல்லை, நோக்கமும் இல்லை. ஆகவே கடலை வில்லனாக்கினால் கதை பொய்யாகிவிடும். கடல் சூழ்நிலையை இறுக்குகிறது. முரண் வள்ளத்துக்குள் நடக்கிறது.

காற்று திரும்பிவிட்டது. வலை தண்ணீரில் கிடக்கிறது. கடன் வாங்கி இறக்கிய புது வலை. வலையை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்புவோம் என்கிறான் தம்பி. இன்னும் அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம் என்கிறான் அண்ணன். அண்ணனின் மகன் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான்; கத்தி அவன் கையில் இருக்கிறது. அலையைப் பற்றி இரண்டு வரி போதும். அந்தக் கத்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம்.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஓகி புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பி வரவில்லை. அதை எழுத விரும்புகிறவர்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன்: புயலைக் கதையின் உச்சமாக வைக்காதீர்கள். புயல் எல்லாருக்கும் தெரியும். கரையில் நின்றவர்கள் எதை எதிர்த்துப் போராடினார்கள் என்பது அந்தத் தெருவுக்கு மட்டும்தான் தெரியும்.

மனத்துக்குள் நடக்கும் முரணை வாசகருக்கு எப்படிக் காட்டுவது? “அவள் மனம் தவித்தது” என்றுதான் எழுத வருகிறது.

தவிப்பு என்று எழுதாமல், தவிப்பு வந்து உட்காரும் ஒரு பொருளைத் தேடுங்கள். மேலே சொன்னதையே தொடர்கிறேன். ஒருவரைப் பற்றி, கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் எதுவும் கேள்விப்படாமல் இருந்தால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது இந்தியாவின் சாட்சியச் சட்டங்களில் நெடுங்காலமாக உள்ள விதி. கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. தாயின் முன் ஒரு தாள் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் வரும். மருமகள் தலைநிமிர முடியும். பேத்தியின் படிப்பு நடக்கும். ஆனால் கையெழுத்துப் போட்டால், மகன் இறந்துவிட்டான் என்று தாய் தன் கையால் எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

அவள் அழுகிறாள் என்று எழுத வேண்டியதே இல்லை. பேனாவைக் கையில் வாங்குகிறாள். மூடியைக் கழற்றுகிறாள். “மக்கா, கண்ணாடி எடுத்துட்டு வா” என்று பேத்தியை அனுப்புகிறாள். பேத்தி கண்ணாடியோடு வருவதற்குள் மூடியைத் திரும்பப் போட்டுவிடுகிறாள். உள்ளம் என்பது அந்த மூடியில் இருக்கிறது. மருமகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆகவே இது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான முரணும்தான். தாளை அனுப்பிய அலுவலகத்தை நினைத்தால் சமூகத்தோடு உள்ள முரணும் சேர்ந்துகொள்கிறது. வகைகளை எண்ணிக்கொண்டு யாரும் இப்படி எழுதுவதில்லை. சரியான பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லா வகையும் அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

சமூகத்தோடு முரண் என்று எழுதினால் பிரசாரம்போல் ஆகிவிடுகிறதே?

சமூகத்துக்கு ஒரு முகம் கொடுக்காததால் அப்படி ஆகிறது. தோள்சீலைப் போராட்டத்தை நாம் வரலாறாகப் படித்திருக்கிறோம். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிட்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

இதைக் கதையாக்க நினைக்கும் பலர் அரசரையும் அதிகாரியையும் கொண்டுவந்து பேசவைக்கிறார்கள். நான் வீட்டுக்குள்ளிருந்து தொடங்குவேன். சந்தைக்குப் புறப்படுகிறாள் ஒரு பெண், தோளில் சீலை போட்டுக்கொண்டு. வாசலில் மறிப்பது அவளுடைய பாட்டி. “வேண்டாம் மகளே” என்கிறாள். பாட்டி அவளை வெறுக்கவில்லை. தன் காலத்தில் அடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறாள். சமூகத்தின் கொடுமை, நம்மை மிகவும் நேசிப்பவரின் அச்சமாக வீட்டு வாசலில் நிற்கிறது. அந்தப் பாட்டியைத் தாண்டிப் போவதற்குத்தான் அவளுக்கு அதிகத் துணிவு வேண்டும். சந்தையில் நடக்கப்போவதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

திருப்பம் என்பதை எங்கே வைப்பது?

பக்க எண்ணைச் சொல்லி யாராலும் பதில் தர முடியாது. திருப்பம் என்றால் என்ன என்று மட்டும் சொல்கிறேன்: அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

நம் பழைய காதல் பாடல்களான அகப்பாடல்களின் துறைகளை, அதாவது அவற்றில் வரும் சூழல்களை, வரிசையாகப் பாருங்கள். காதலர் மறைவாகச் சந்திக்கிறார்கள். ஊரில் அலர் எழுகிறது, அதாவது ஊரார் அவர்களைப் பற்றிப் பழி பேசுகிறார்கள். தாய் பெண்ணை வீட்டிலேயே அடைத்துவைக்கிறாள், அது இற்செறிப்பு. வேற்றார் பெண் கேட்டு வருகிறார்கள், அது நொதுமலர் வரைவு. தோழி தலைவனிடம் விரைவில் மணந்துகொள் என்று வற்புறுத்துகிறாள், அது வரைவு கடாதல். ஒரு கட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம் சொல்ல, செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்ல, உண்மை ஒவ்வொரு படியாக ஏறுகிறது. இல்லையென்றால் இருவரும் சேர்ந்து வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள், அது உடன்போக்கு. அலர் சமூகத்தின் குரல், இற்செறிப்பு தடை, நொதுமலர் வரைவு நெருக்கடி, அறத்தொடு நிற்றலும் உடன்போக்கும் திரும்ப முடியாத இடங்கள். ஒரு முழு நாவலின் எலும்புக்கூடு இந்தத் துறைப் பெயர்களில் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாடலும் ஒரே ஒரு கணத்தில் நின்றுகொள்கிறது. முன்னும் பின்னும் இருப்பதை வாசகர் ஊகித்துக்கொள்கிறார். சிறுகதைக்கு இதைவிடச் சிறந்த ஆசான் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

சில நேரங்களில் திருப்பம் ஒரே சொல்லில் நடந்துவிடும். நாற்பது ஆண்டுகள் “அண்ணன்” என்று சொல்லிவந்தவர், பத்திர அலுவலகத்தில் பிறரிடம் பேசும்போது “அவர்” என்கிறார். மரியாதை குறையவில்லை, உறவு போய்விட்டது.

கதையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வித்து மண்ணில் விழும் இடத்திலிருந்து. தாத்தாவின் இளமைக்காலமும் நிலம் வாங்கிய கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாசகருக்கு முதலிலேயே தெரிய வேண்டியதில்லை. “மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது” என்று மூத்தவன் சொல்லும் காலையில் தொடங்குங்கள்.

முடிவு முன்பே தெரிந்துவிட்டால் வாசகர் படிப்பாரா?

ஊர்க் கோயில் திருவிழாவான கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். காப்பு பாடியதும் வருபொருள் உரைத்தல் என்று ஒன்று வரும்: இன்ன கதையைப் பாடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கேட்பவர்களுக்கும் கதை சிறுவயது முதலே தெரியும். அப்படியும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வணிகனைப் பழிவாங்க அவன் மனைவிபோல வரும் பேய், நீலியின் கதையை நினைத்துப் பாருங்கள். அவள் இடுப்பில் இருப்பது குழந்தை இல்லை, கள்ளிக்கட்டை என்று நமக்குத் தெரியும். வணிகனுக்கும் அவள் யார் என்று தெரியும். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாது. இவள் என் மனைவி இல்லை என்று அவன் நடுங்கிக்கொண்டே சொல்கிறான். அந்த நடுக்கத்தையே அவன் பொய் சொல்வதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அவனை அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலால் நாம் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாதவர்களிடம் கத்திச் சொல்ல முடியாத தவிப்பு நம்மைப் பிடித்துவைத்திருக்கிறது. முடிவை ஒளித்துவைப்பதில் செலவிடும் உழைப்பில் பாதியை, யாருக்கு எது தெரியும் என்பதைத் திட்டமிடுவதில் செலவிட்டால் கதை வலுப்பெறும்.

தற்செயலாக ஒன்று நடந்து கதை முடியலாமா?

தொல்லை தரும் தற்செயலை வாசகர் ஏற்றுக்கொள்வார். தொல்லையைத் தீர்க்கும் தற்செயலை ஏற்க மாட்டார். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் விளக்கோடு போய்ப் பால் வெட்டி வைத்தாயிற்று. சிரட்டையில் பால் நிறைவதற்குள் மழை வந்து கழுவிவிடுகிறது. அன்றைய கூலி போயிற்று. இதை யாரும் மறுக்க மாட்டார்கள். கதையின் கடைசிப் பக்கத்தில், களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்து அவள் கடன் தீர்ந்துவிட்டால், அதுவரை படித்ததெல்லாம் வீண் என்று தோன்றும். அதே பரிசை முதல் பக்கத்தில் விழவையுங்கள். சீட்டு வாங்கப் பணம் கொடுத்தவர் ஒருவர், எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் இன்னொருவர் என்று வையுங்கள். கதை பிறந்துவிடும். எங்கள் கூட்டத்தில் ரப்பர் தோட்டத்து அக்கா தம் முதல் கதையை இப்படித் தலைகீழாக்கித்தான் திருத்தினார்.

முரணே இல்லாமல் கதை எழுத முடியாதா?

முடியும். சீனத்து நான்கடிக் கவிதையில் தோன்றி, ஜப்பானியக் கதைகளிலும் வழங்கும் ஓர் அமைப்பு உண்டு: தொடக்கம், தொடர்ச்சி, திரும்பல், இணைவு. மூன்றாவதாக வருவது மோதலாக இருக்க வேண்டியதில்லை. எதிர்பாராத இன்னொரு பக்கம் தெரிந்தால் போதும். தோவாளையில் விடியுமுன் பூ கட்டும் ஒருவர். நாள்தோறும் கட்டும் அதே பிச்சிப்பூ. ஒருநாள் தான் கட்டிய மாலையை யாரோ ஒரு அந்நியரின் இறுதி ஊர்வலத்தில் பார்க்கிறார். மறுநாள் மீண்டும் பூ கட்ட உட்காருகிறார். இதில் யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. ஆனாலும் கடைசியில் அவர் விரல்களைப் பார்க்கும் நம் பார்வை மாறிவிட்டிருக்கிறது. இவ்வகைக் கதை எளிதாகத் தோன்றும். எழுதிப் பாருங்கள், மிகக் கடினம்.

சிறுகதைக்கு எத்தனை முரண்? நாவலுக்கு எத்தனை?

சிறுகதைக்கு ஒரே ஓர் ஆசை. நாவலில் பல இருக்கலாம், ஆனால் வேர் ஒன்றாக இருக்க வேண்டும். துணைக்கதை முதன்மைக் கதையின் கேள்வியையே வேறொரு வீட்டில் கேட்டுப் பார்க்கிறதா என்று சோதியுங்கள்.

பழகுவதற்கு ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கொடை வரும்போது ஓர் இரவு வில்லுப்பாட்டு முன்னால் உட்காருங்கள். கதையைக் குறித்துக்கொள்ள வேண்டாம், அது உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். தலைமைப் பாடகர் எந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சுக்கு வருகிறார், எப்போது வில்லைத் தட்டும் வீசுகோலின் அடி விரைவாகிறது, குடமும் உடுக்கையும் எந்த இடத்தில் அடங்கிவிடுகின்றன, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எந்த வரியில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறாள் என்பதை மட்டும் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். உங்கள் கதையை அதன் பக்கத்தில் வைத்து வாசிப்போம்.